பழைய ஹார்டு டிஸ்க்கோடு விண்டோஸ் லைசென்ஸ் போகாது

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் சர்வீஸ் மேசைக்கு வரும் லேப்டாப்களில் திரும்பத் திரும்ப இதே கோலம்தான். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான புது எஸ்.எஸ்.டி. மாட்டியிருக்கும். லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்க, யாரோ பென் டிரைவில் கொடுத்த திருட்டு 'ஆக்டிவேட்டர்' ஓடியிருக்கும். அது சொன்னபடி விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரையும் அணைத்து வைத்திருப்பார்கள். பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் அதே மெஷினில்! கேட்டால், "பழைய டிஸ்க்கோட லைசென்ஸ் போச்சுல்லா அண்ணே?"

போகவில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தது முதல், விண்டோஸோடு விற்கும் பிராண்ட் லேப்டாப்களில் லைசென்ஸ் சாவி (புராடக்ட் கீ) மதர்போர்டின் பயாஸ் சிப்பிலேயே பதிந்து வருகிறது. டிஸ்க்கைக் குழித்துறை ஆற்றில் வீசினாலும் சாவி பத்திரம். இன்ஸ்டாலர் அதைத் தானே படித்துக்கொள்ளும். நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு ஏறிய மெஷினா? அதன் லைசென்ஸ் மதர்போர்டை அடையாளமாக வைத்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. இன்ஸ்டாலர் சாவி கேட்டால் 'என்னிடம் இல்லை' என்று தாண்டுங்கள். விண்டோஸ் ஹோம் பதிப்புக்கு லைசென்ஸ் உள்ள மெஷினில் அடம்பிடித்து புரோ பதிப்பைப் போட்டால்தான் வம்பு, ஆக்டிவேட் ஆகாது. விண்டோஸ் இல்லாமல் டாஸ் மட்டும் போட்டு மலிவாக வாங்கியதற்குச் சாவியே கிடையாது; அதற்குக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பாறசாலைப் பக்கமிருந்து கேரளப் பள்ளி ஆசிரியர்கள் கொண்டுவரும், கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் இலவச உபுண்டு ஓடும் லேப்டாப்களில் இந்தத் தலைவலியே இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கருக்கு. புதிய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததும் டிஸ்க் சத்தமில்லாமல் பூட்டப்பட்டிருக்கலாம். கழற்றி வேறு மெஷினில் செருகினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் போட்டோக்களை யாராலும் எடுத்துத் தர முடியாது; எங்களிடம் கோபப்பட்டும் பயனில்லை. டிஸ்க்கில் கை வைக்கும் முன் அக்கவுண்டில் கீயைப் பார்த்துத் தாளில் எழுதுங்கள்.

எஸ்.எஸ்.டி. வாங்கும் முன் லேப்டாப்பில் அதைச் செருகும் ஸ்லாட்டைப் பாருங்கள். எம்.2 என்ற பட்டை வடிவ ஸ்லாட் என்றாலே வேகமான என்.வி.எம்.ஈ. வகை எடுக்கும் என்று நினைக்காதீர்கள், பழைய சாட்டா வகை மட்டும் எடுக்கும் ஸ்லாட்டும் உண்டு. 2242 (42 மி.மீ. நீளம்) அளவு மட்டுமே பிடிக்கும் இடத்தில் 2280 (80 மி.மீ.) உட்காராது. மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கேபிளைக் கழற்றுவது.

விண்டோஸ் போட 8 ஜிபி பென் டிரைவ் போதும். இன்ஸ்டாலரை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள். இன்ஸ்டால் முடியும்வரை பழைய டிஸ்க் உள்ளே இருக்கவே கூடாது. இருந்தால் பூட் ஃபைல்கள் அதில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு அதைக் கழற்றிய அன்று புது எஸ்.எஸ்.டி. பூட் ஆகாது. காலி இடத்தைத் தேர்ந்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள், பார்ட்டிஷனை அதுவே பிரித்துக்கொள்ளும். இன்டெல் 11-ம் தலைமுறை முதல் பல மெஷின்களில் இன்ஸ்டாலருக்கு எஸ்.எஸ்.டி.யே தெரியாது. அது செத்துவிட்டதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். லேப்டாப் கம்பெனி தளத்தில் உள்ள ஆர்.எஸ்.டி. (இன்டெலின் டிஸ்க் மென்பொருள்) டிரைவர் ஜிப் ஃபைலைப் பிரித்து அதே பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும். வைஃபை வரவில்லையா, போனை யூ.எஸ்.பி.யில் செருகி டெதரிங் போட்டு அதன் நெட்டைக் கொடுங்கள்.

பழைய டிஸ்க்கை ஒரு வருஷமாவது ஃபார்மேட் செய்யாமல் வையுங்கள். டாலி கணக்கு டேட்டா எந்த ஃபோல்டரில் கிடந்தது என்பது கணக்கு முடிக்கும் மார்ச் கடைசியில்தான் நினைவுக்கு வரும்.