கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தானில் எம்.பி.பி.எஸ்.: முன்பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

மத்திய ஆசியாவில், இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் (என்.எம்.சி.) அங்கீகரித்த மருத்துவக் கல்லூரி என்று ஒன்றுகூட இல்லை. கிர்கிஸ்தானில் இல்லை, உஸ்பெகிஸ்தானில் இல்லை, கஜகஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் இல்லை. அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு ஆணையம் ஒப்புதல் தருவதுமில்லை, பட்டியல் வெளியிடுவதுமில்லை. தன் அறிவிப்புகளில் ஆணையமே இதைச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நீட் முடிவு வந்த வாரத்திலிருந்து 'என்.எம்.சி. அங்கீகாரம் பெற்றது' என்று அச்சடித்த துண்டுப் பிரசுரங்கள் ஊர் ஊராக வினியோகமாகின்றன. கேள்வி கேட்டால், 'உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதே' என்பார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அப்படியொரு கல்லூரி உண்டு என்று மட்டுமே பொருள். அங்கே படித்தவர் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெறலாம் என்பதற்கு அது உறுதி அல்ல.

கல்லூரியைச் சோதிக்காத அரசு, மாணவரைச் சோதிக்கிறது. 2021 நவம்பர் 18 அன்று வெளியான வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் உரிம விதிகளின்படி, படித்துத் திரும்பியவரின் ஒவ்வொரு காகிதமும் விதிக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பார்கள். அப்போது வீட்டு நகை போயிருக்கும், பிள்ளையின் ஆறு வருடமும் போயிருக்கும். சேரும்போதே சரிபார்த்து, 'இந்தப் படிப்பு செல்லும்' என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கும் அலுவலகம் எங்குமில்லை. ஆணையத்துக்கு எழுதினால் விதிகளைப் பார்க்கச் சொல்வார்கள். அதனால் விதிகளை நாமே பார்த்துவிடுவோம். இவை 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கும் இனிச் சேரப்போகிறவர்களுக்கும் பொருந்தும்.

மாதக் கணக்குதான் முதல் பொறி

படிப்பு குறைந்தது 54 மாதங்கள் நடந்திருக்க வேண்டும். அதற்கு மேல், அதே வெளிநாட்டுக் கல்லூரியில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்). ஊர் திரும்பிய பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. மொத்தம் 78 மாதங்கள், அதாவது ஆறரை வருடம். இடையில் தேர்வுக்காகவும் பதிவுக்காகவும் காத்திருக்கும் காலம் இதில் சேராது. துண்டுப் பிரசுரத்தில் 'ஐந்து வருடம்' என்று இருந்தால் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது பயிற்சியையும் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்து என்றால் படிப்பு 48 மாதம்தான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே பதிவுக்கு நிற்க முடியாது. பதிலை ஏஜென்ட் வாயால் சொன்னால் போதாது. படிப்பு இத்தனை மாதம், பயிற்சி தனியாக இத்தனை மாதம் என்று பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைத் தரத் தயங்கும் கல்லூரி வேண்டாம்.

சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் அங்குள்ள படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பதும் விதி. பணம் கட்ட முடியாமல் இடையில் ஊர் திரும்பி, சில வருடம் கழித்துத் தொடரலாம் என்று இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

'முதலில் இங்கே சேருங்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்'

இந்த வாக்கியத்தைச் சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரே கல்லூரியில் நடந்திருக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் இரண்டு வருடம் படித்துவிட்டு உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டுக்கு மாறுவது மட்டும் அல்ல, அதே ஊரில் வேறு கல்லூரிக்கு மாறுவதும் ஆபத்துதான். பயிற்சியின் ஒரு பகுதியை 'நம்ம ஊர் ஆஸ்பத்திரியிலேயே செய்துகொள்ளலாம்' என்பதும் பொய். அந்தப் பட்டத்துக்கான எந்தப் பயிற்சியையும் இந்தியாவிலோ மூன்றாம் நாட்டிலோ செய்யக் கூடாது. போர் தொடங்கிய பிறகு உக்ரைனில் படித்த மாணவர்களுக்குக் கிடைத்த சலுகையை உதாரணம் காட்டுவார்கள். அது அந்தப் பேரிடருக்காகத் தந்த தனிச் சலுகை. மற்றவர்களுக்கு அது வழி ஆகாது.

ஆன்லைன் வகுப்பும் இப்படித்தான். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர்களைக் கும்பல் தாக்கியபோது பலர் ஊருக்கு ஓடி வந்தார்கள். வகுப்புகள் ஆன்லைனுக்கு மாறின. உயிர் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஆனால் காகிதத்தைப் பார்க்கிறவருக்கு அது தெரிவதில்லை. ஆன்லைனில் படித்த பகுதியை நேரில் படித்து ஈடுசெய்ததற்கான சான்று வேண்டும் என்பது ஆணையத்தின் நிலை. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நேரடி வகுப்பு நடந்தது என்று அந்தந்தப் பருவம் முடியும்போதே கல்லூரியிடம் எழுதி வாங்குங்கள். படித்து முடித்த பிறகு கேட்டால் அந்த அலுவலகத்தில் உங்களைத் தெரிந்தவர்களே இருக்க மாட்டார்கள்.

அந்த நாட்டில் மருத்துவராகலாமா?

எல்லாரும் தாண்டிப்போகும் வரி இது. எந்த நாட்டில் பட்டம் பெற்றாரோ, அந்த நாட்டில், அந்நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக மருத்துவம் பார்க்க உரிமம் பெறத் தகுதியான பதிவு இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கென்று தனியாக நடத்தும் ஆங்கிலவழிப் படிப்பு, உள்ளூர் மாணவர் படிக்கும் படிப்புக்குச் சமமானதுதானா? வேண்டிய கடிதம் கல்லூரி விளம்பரப் பிரிவு தருவது அல்ல. அந்நாட்டு அமைச்சகமோ உரிமம் வழங்கும் அமைப்போ தருவது. பிஷ்கெக், தாஷ்கண்ட், அஸ்தானா நகரங்களில் உள்ள இந்தியத் தூதரகங்களுக்கும் இதையே கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் வார்டில் படுத்திருக்கும் கிர்கிஸ் பாட்டி ஆங்கிலம் பேசமாட்டார். ரஷ்ய மொழியோ உள்ளூர் மொழியோ தெரியாமல் நோயாளியிடம் எதுவும் கற்க முடியாது. மொழி வகுப்புகளைத் தவறவிடாதீர்கள்.

நீட் பற்றி நிறையப் பொய்கள் உலவுகின்றன. 2018 முதல், வெளிநாட்டில் மருத்துவம் படிக்கவும் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். எழுதியிருந்தால் போதாது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தகுதி மூன்று வருடம் செல்லும். தகுதி இல்லாமலும் கல்லூரி சேர்த்துக்கொள்ளும், விசா கிடைக்கும், விமான நிலையத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள். அதனால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள். 'தமிழ்நாட்டுக்கு விலக்கு வந்துவிடும்' என்று சொல்லிச் சேர்த்தவர்களும் உண்டு. மாநிலம் கேட்ட விலக்கு இங்குள்ள கல்லூரிகளின் சேர்க்கைக்கானது. வெளிநாட்டுப் படிப்புக்கு அது உதவாது.

திரும்பி வந்த பிறகு

முதலில், வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு (எஃப்.எம்.ஜி.இ.). 300 கேள்விகள், 150 சரியாக இருந்தால் தேர்ச்சி; வருடத்துக்கு இரண்டு முறை. 2024 ஜூன் தேர்வில் எழுதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் தேறினார். 'எங்கள் மாணவர்கள் எல்லாரும் பாஸ்' என்று விளம்பரம் செய்பவரிடம், தேசியத் தேர்வு வாரியம் வெளியிட்ட கல்லூரிவாரி முடிவில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

தேறிய பின் மாநில மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு. அலைக்கழிப்பு இங்கேதான் தொடங்கும். பட்டம் உண்மையானதா என்று தூதரகம் வழியாக விசாரிப்பார்கள். தூதரகம் பல்கலைக்கழகத்தைக் கேட்கும். கோடை விடுமுறையில் பல்கலைக்கழகம் பூட்டியிருக்கும். இங்கே கவுன்டரில் 'பதில் வரவில்லை' என்ற ஒரே பதில். மருத்துவம் படித்த பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும். கடனுக்கு வட்டி மட்டும் உட்காராது. சரிபார்ப்பில் குறை இருந்தால் எந்தத் தாளில் என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியில் சொன்ன குறை அடுத்த முறை வேறொன்றாக மாறும். எழுதித் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் கோப்பு யாருடைய மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

படித்து முடித்து அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இந்த அலைச்சலில் பாதியைத் தவிர்க்கலாம். பட்டம், மதிப்பெண் பட்டியல் இரண்டிலும் தூதரகச் சான்றோ அபோஸ்டில் முத்திரையோ (ஆவணம் உண்மையானது என்று அந்நாட்டு அரசு வைக்கும் முத்திரை) பெற்ற பிறகே விமானம் ஏறுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். அது ரஷ்ய எழுத்துக்குப் போய் மறுபடி ஆங்கிலத்துக்கு வரும்போது 'கார்த்திக்', 'கனிமொழி' போன்ற பெயர்களில் ஓர் எழுத்து விழுந்துவிடும். அங்கே இருக்கும்போது அதைத் திருத்துவது சில நாள் வேலை. இங்கே வந்த பிறகு அதுவே மாதக்கணக்கு. காலாவதியான பாஸ்போர்ட்டையும் தூக்கி எறியாதீர்கள். எந்த நாளில் நாட்டுக்குள் நுழைந்தீர்கள், எந்த நாளில் வெளியேறினீர்கள் என்ற முத்திரைகளை வைத்துத்தான் நேரில் படித்தீர்களா என்று பார்க்கிறார்கள்.

அடுத்தது இந்தியாவில் 12 மாத உள்ளுறைப் பயிற்சி. ஒரு கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களோடு கூடுதலாக 7.5 விழுக்காடு வரைதான் வெளிநாட்டில் படித்தவர்களை எடுத்துக்கொள்ளலாம். அதனால் வரிசை நீளம். பயிற்சிக்குச் சேர்க்கக் கல்லூரி கட்டணம் வாங்கக் கூடாது, இந்தியாவில் படித்தவர்களுக்கு இணையான உதவித்தொகை தர வேண்டும் என்று ஆணையத்தின் 2022 மார்ச் சுற்றறிக்கை சொல்கிறது. அதன் நகல் கையில் இருக்கட்டும். யாராவது பணம் கேட்டால் எந்த ஆணைப்படி என்று கேளுங்கள். ரசீது இல்லாத பணம் கொடுக்காதீர்கள்.

ஏஜென்ட்டும் பணமும்

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்குகிறது. படிக்க ஆள் அனுப்புகிறவர்கள் அதில் இல்லை. ஒரு மேசை, இரண்டு கொடி, ஒரு போன் இருந்தால் போதும், கன்சல்டன்சி தொடங்கிவிடலாம். எனவே காவல் நாமேதான். கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் தனி, அதற்குத் தனி ரசீது. ஹாஸ்டல், சாப்பாடு, விசா நீட்டிப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். இரண்டாம் வருடத்தில் முளைக்கும் புதுக் கட்டணங்கள் அப்போதுதான் குறையும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு அசல் சான்றிதழ்களை ஏஜென்ட்டிடம் விட்டுவிடாதீர்கள். சண்டை வரும்போது அவைதான் பிணை.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் பணம் அனுப்பிய வங்கி விவரம், துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் சேர்த்து மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வரும். பிள்ளை அங்கே சிக்கியிருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் அயலகத் தமிழர் நலத் துறையிலும் ஒரே நாளில் பதிவு செய்யுங்கள். ஒன்று நகராவிட்டால் மற்றொன்றின் பதிவு எண்ணைக் காட்டலாம்.

ஏற்கெனவே இரண்டாம் வருடத்திலோ மூன்றாம் வருடத்திலோ இருப்பவர்கள் இந்த மாதமே இரண்டு கடிதம் வாங்கிவிடுங்கள். ஒன்று, படிப்பும் பயிற்சியும் தனித்தனியே எத்தனை மாதம் என்பது. இன்னொன்று, அந்நாட்டில் உள்ளூர் பட்டதாரிக்குச் சமமான உரிமம் கிடைக்குமா என்பது. இரண்டாவதற்குச் 'சான்று தர இயலாது' என்று பதில் வந்தால், அடுத்த வருடக் கட்டணம் கட்டும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.