எங்கே ஒளிர்கிறது பீட்டா-கேட்டனின்?

பீட்டா-கேட்டனின் என்ற புரதம் இரண்டு வேலை பார்க்கிறது. செல் சவ்வின் உட்புறம், செல்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற சவ்வுப் புரதத்தின் வால் பகுதியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துச் செல்கள் பிரியாமல் ஒட்டியிருக்க உதவுகிறது. உட்கருவுக்குள் போனாலோ, செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதனால் இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் மட்டும் போதாது. எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான் ஆன்டிபாடி: குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் இன்னொரு புரதம்.

கண்ணாடித் தகட்டில் வளர்ந்த செல்களைப் பாராஃபார்மால்டிஹைடில் ஊறவைத்தால் புரதங்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்புறம் டிரைட்டான் என்ற சோப்பு போன்ற பொருள் சவ்வில் துளை போடும். இல்லையென்றால் ஆன்டிபாடி உள்ளேயே நுழையாது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க ஆல்புமின் என்ற புரதத்தைச் சேர்ப்பார்கள். பிறகு, பீட்டா-கேட்டனினைப் பிடிக்கும் சுண்டெலி ஆன்டிபாடி. நன்றாகக் கழுவியபின், சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி. ஒளிரும் சாயம் இருப்பது இதில்தான். முதல் ஆன்டிபாடி ஒன்றின்மேல் இவை பல உட்காருவதால் வெளிச்சம் கூடுகிறது.

இயல்பான குடல் செல்களில் ஓரங்கள் தேன்கூடுபோல ஒளிரும். ஏபிசி மரபணு பழுதான குடல் புற்றுச் செல்களில் அந்த ஒளி உள்ளே பரவி, உட்கருவிலும் தெரியும். காரணம் இதுதான்: செல்லைப் பெருகத் தூண்டும் விண்ட் (Wnt) என்ற சமிக்ஞை வராத நேரத்தில், ஏபிசி, ஆக்சின் முதலான புரதங்களின் கூட்டணி, சவ்வில் ஒட்டாமல் திரியும் பீட்டா-கேட்டனினைப் பிடித்து வைக்கும். அதன் 45ஆவது அமினோ அமிலத்தில் முதல் பாஸ்பேட் ஏறும். அடுத்து 41, 37, 33. இப்படி முத்திரை விழுந்ததைச் செல் சிதைத்துவிடும். ஏபிசி பழுதானால் சிதைப்பு தடைபட்டு, புரதம் குவிகிறது.

ஆனால் சவ்வில் இருக்கும் பங்கு பெரியது. சமிக்ஞைக்குப் போகும் சிறு பங்கு அதன் வெளிச்சத்தில் மறைந்துபோகலாம். இதற்காகவே 37, 41 ஆகிய இடங்களில் பாஸ்பேட் இல்லாத வடிவத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியும் வந்திருக்கிறது. ஒரே புரதத்தில் இவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பிரித்தறிவது எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்னொரு சிக்கல், உறவுக்காரப் புரதம். காமா-கேட்டனினின் நடுப்பகுதி பெரிதும் இதைப் போலவே இருக்கும், முனைகள்தான் வேறுபடும். அதனால் கடைசி முனையைக் குறிவைத்த ஆன்டிபாடி பாதுகாப்பானது. புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், சுமார் 92 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில் பட்டை விழ வேண்டும். பீட்டா-கேட்டனின் மரபணுவை நீக்கிய செல்களில் அந்தப் பட்டை மறைய வேண்டும். இந்தச் சோதனையைக் காட்டாத படத்தை நான் நம்புவதில்லை.

மருத்துவமனையிலும் இதற்கு வேலை உண்டு. இணைப்புத் திசுவில் வளரும் டெஸ்மாய்டு கட்டி என்று சந்தேகம் வந்தால், நோயியல் மருத்துவர் திசுச் சீவலில் இதே புரதத்துக்குச் சாயமேற்றி, உட்கருவில் நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்.