பொறி முந்த வேண்டும்: பழைய வி8 இன்ஜினில் டைமிங் வைப்பது எப்படி

1969 மாடல் ஷெவர்லே கமாரோ. பானெட்டைத் திறந்தால் 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), அதாவது 5.7 லிட்டர். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டால், வண்டி குலுங்குகிறது, பெட்ரோல் வாடை கண்ணைக் கரிக்கிறது. சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் பாய்கிறது. சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் நாலைந்து தடவை இருமிவிட்டு நிற்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில். அது இன்ஜினுக்கு மேலே, கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரோ பின்னால், டேஷ்போர்டுச் சுவரை ஒட்டி ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன ஐந்து தொல்லைகளுமே பொறி தாமதமாக விழுவதால் வரக்கூடியவை. கார்புரேட்டரை எத்தனை முறை பிரித்துக் கழுவினாலும் அவை போகாது.

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை 'டப்' என்று வெடிப்பதில்லை. பிளக் முனையில் பற்றும் நெருப்பு நாலு அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் குறுக்கே நடந்து போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். இன்னொரு பக்கம், அழுத்தம் எப்போது உச்சத்தைத் தொட வேண்டும் என்பதும் கணக்கு. சைக்கிள் மிதிக்கட்டை நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, கட்டை சற்று முன்னால் சரிந்த பிறகுதான் உந்தும். பிஸ்டன் தள்ளிச் சுழற்றும் தண்டான கிராங்கும் அதே மாதிரிதான். பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கிராங்க் ஏறக்குறைய 15 டிகிரி திரும்பியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் வேலை முழுதாகக் கிடைக்கும். ஆகவே பிஸ்டன் மேலே வந்துசேரும் முன்பே பொறி விழுந்தாக வேண்டும். எத்தனை டிகிரி முன்பு என்பதுதான் டைமிங்.

நிமிடத்துக்கு 3000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 18 டிகிரி திரும்புகிறது. இரும்பு ஹெட் போட்ட இந்த இன்ஜின்களுக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்த நிலையில் 34 முதல் 36 டிகிரி முந்தல் பொருந்தும். 36-ஓடு உச்சிக்குப் பிந்தைய 15-ஐக் கூட்டினால் 51 டிகிரி, மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு. ஐடிலுக்கு வருவோம். 800 சுற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு 4.8 டிகிரிதான். அங்கே 22 முதல் 26 டிகிரி முந்தலில் இன்ஜின் நிம்மதியாக ஓடுகிறது. கணக்குப் போட்டால் சுமார் எட்டு மில்லிசெகண்ட். ஏன் இவ்வளவு இழுக்கிறது? காற்றை உள்ளே விடும் தகடான த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே வரும் கலவை கொஞ்சம், அதோடு வெளியேறாமல் தங்கிவிட்ட பழைய புகையும் கலந்திருக்கிறது. ஈரவிறகு மாதிரி மெதுவாகத்தான் எரியும்.

சுற்று ஏறஏற முந்தலும் ஏறிக்கொண்டே போக வேண்டுமே என்று தோன்றும். 3000-க்கு மேல் போக வேண்டியதில்லை. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்றின் சுழற்சியும் கூடி நெருப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது, எரியும் வேகம் சுற்றோடு சேர்ந்தே ஏறிவிடுகிறது.

இத்தனை கணக்கையும் ஒரு சிப்கூட இல்லாமல் போடுகிற கருவி டிஸ்ட்ரிபியூட்டர். அது மூன்று அடுக்காக வேலை செய்கிறது. முதலாவது, அதன் உடலைத் திருப்பி நாம் வைக்கும் ஆரம்ப முந்தல், 10 முதல் 12 டிகிரி. இரண்டாவது, உள்ளே சுற்றிப் பொறியைப் பங்கிடும் ரோட்டருக்கு அடியில் இருக்கும் இரண்டு எடைகள். சுற்று கூடும்போது அவை வெளியே விரிந்து, ஸ்பிரிங்கை இழுத்து, கரண்டை வெட்டிப் பொறி உண்டாக்கும் சுவிட்சான பாயிண்டைத் திறக்கும் கேமை முன்னால் திருப்பும். (ஃபோர்டு டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த எடைகள் பாயிண்ட் தட்டுக்குக் கீழே இருக்கும். அதைப் பார்க்காமலே பல வண்டிகள் முதுமையடைந்துவிட்டன.) இவை தரும் 24 டிகிரியும் 2800, 3000 சுற்றுக்குள் வந்துவிட வேண்டும். மூன்றாவது, பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேக்குவம் டப்பா. கலவை சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகமாக இருக்கும் ஐடிலிலும், அரை மிதியில் ஒரே சீராக ஓடும்போதும் அது 10 முதல் 16 டிகிரி கூட்டும். முழுக்க மிதித்தால் உறிஞ்சல் செத்துவிடும், டப்பாவும் ஒதுங்கிக்கொள்ளும். ரேஸ் வண்டிக்கு வேக்குவம் டப்பா தேவையில்லை என்பது உண்மை. அதைக் கேட்டுச் சாலை வண்டியிலும் குழாயைப் பிடுங்கி அடைத்துவிடுகிறார்கள். பெட்ரோல் செலவு ஏறுவதும் ரேடியேட்டர் கொதிப்பதும் அதிலிருந்தே ஆரம்பிக்கின்றன.

கொதிப்புக்குக் காரணம் இதுதான்: பொறி தாமதமானால் கலவை எரிந்து முடிவதும் தாமதமாகும். பிஸ்டன் பாதி தூரம் இறங்கிய பிறகும், சில நேரம் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சமிருக்கும். பிஸ்டனைத் தள்ளியிருக்க வேண்டிய சூடு சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வழிக்கும் போய், அங்கிருந்து தண்ணீருக்குப் போகிறது. 1960-களின் கடைசியில் புகைக்கட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கக் கம்பெனிகள் ஐடிலில் வேண்டுமென்றே நேரத்தைப் பின்தள்ளின, மிச்சப் பெட்ரோல் எக்ஸாஸ்ட்டில் எரியட்டும் என்று. அந்தக் காலத்து ஸ்டிக்கரில் உள்ள எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர் அந்தச் சூட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

டைமிங்கைத் தொடும் முன் மின்சாரம் சரியாக இருக்க வேண்டும். பாயிண்ட் வைத்த ஜி.எம். (ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி) வண்டிகளில், பொறிக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் காயிலுக்குப் போகும் மின்கம்பியே ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பி. ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் முழுதாகப் போனால் பாயிண்ட் கருகிவிடும் என்பதால் வைத்த ஏற்பாடு. ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மட்டும் ஸ்டார்ட்டரின் மின்சுவிட்சான சொலினாய்டிலிருந்து தனிக்கம்பி வழியாக முழு வோல்டேஜ் வரும். இன்ஜின் பற்றிக்கொண்டு, சாவியை விட்டதும் நின்றுபோனால் ரெசிஸ்டன்ஸ் கம்பி அறுந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றாமல், சாவியை விடும் அந்தக் கணத்தில் பற்றப்பார்த்தால் சொலினாய்டுக் கம்பியில் கோளாறு. பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் போடுபவர்கள் அதே ரெசிஸ்டன்ஸ் கம்பியிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டு, "புதுச் சாமான் மட்டம்" என்கிறார்கள். பெரும்பாலான மாட்யூலுக்கு 12 வோல்ட் முழுதாக வேண்டும்.

பாயிண்டுக்கு வருவோம். புதிதென்றால் இடைவெளி 0.019 அங்குலம், ஓடியது என்றால் 0.016. ஆனால் நம்ப வேண்டியது இடைவெளியை அல்ல, டுவெல்லை, அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் டிகிரியை. எட்டு சிலிண்டருக்கு எட்டு கேம் முனைகள், ஒன்றுக்கு 45 டிகிரி. அதில் 30 டிகிரி பாயிண்ட் மூடியிருக்க வேண்டும், 28 முதல் 32 வரை பொறுத்துக்கொள்ளலாம். மூடியிருக்கும் அந்த நேரத்தில்தான் காயில் காந்தசக்தியைச் சேமிக்கிறது. 5000 சுற்றில் அந்த நேரம் வெறும் இரண்டு மில்லிசெகண்ட். ஜி.எம். வண்டிகளின் டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதைத் தூக்கிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே கால் அங்குலத்தில் பாதி அளவுள்ள ஆலன் கீயால் டுவெல்லை வைக்கலாம். மீட்டர் இல்லையென்றால், இன்ஜின் மிஸ் அடிக்கும்வரை வலச்சுற்றாகத் திருப்பி, அங்கிருந்து அரைச்சுற்று திரும்ப வரவேண்டும்.

மீட்டர் முள் நடுங்கினாலோ, சுற்றை ஏற்றும்போது டுவெல் மூன்று டிகிரிக்கு மேல் மாறினாலோ டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த டிஸ்ட்ரிபியூட்டரில் எந்த டைமிங்கும் நிற்காது. புஷ் மாற்றிய பிறகுதான் மேலே பேச்சு. பாயிண்ட் முகத்தை உப்புத்தாளால் தேய்ப்பது அம்பாசிடர், பத்மினி காலத்திலிருந்து வந்த பழக்கம். தாளின் துகள் உலோகத்தில் பதிந்து பாயிண்டைச் சீக்கிரம் கருக்கும். மெல்லிய பாயிண்ட் அரம் போதும். ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்திருந்தால் பாயிண்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சரின் கொள்ளளவு பொருந்தவில்லை, அதையும் மாற்ற வேண்டும்.

பிளக் இடைவெளி 0.035 அங்குலம். வெடிவரிசை 1-8-4-3-6-5-7-2, டிஸ்ட்ரிபியூட்டர் மேலிருந்து பார்த்தால் வலச்சுற்று. இந்த வரிசையில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன. இரண்டும் ஓட்டுநர் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள். அவற்றின் வயர்களை ஒட்டிக் கட்டி அழகாகப் படுக்கவைத்தால் 5-ன் வயர் 7-ன் வயரில் கரண்டைத் தூண்டி, ஏழாவது சிலிண்டர் நேரத்துக்கு முன்பே பற்றும். இரண்டையும் பிரித்து வையுங்கள், முடிந்தால் குறுக்காகப் போகட்டும்.

இனி, பலரும் தாண்டிவிடும் வேலை. கிராங்கின் முனையில் இருக்கும் பேலன்ஸர் ஒரே இரும்பு அல்ல. நடுக்கட்டைக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர். ஐம்பது வருட ரப்பர் பிடி தளர்ந்து வளையம் நகர்ந்திருக்கலாம். எட்டு அங்குலப் பேலன்ஸரில் கால் அங்குலம் நகர்ந்தால் மூன்றரை டிகிரி பொய். ஆகவே உச்சி எங்கே என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பேட்டரிக் கம்பியைக் கழற்றுங்கள். எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் துளையில், பிஸ்டனை வழியில் தடுக்கும் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, முட்டியதும், இன்ஜினில் நிலையாக இருக்கும் டைமிங் முள்ளுக்கு நேரே பேலன்ஸரில் ஒரு கோடு. எதிர்த்திசையில் திருப்பி, முட்டியதும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடு உண்மையான உச்சி. இதற்கு ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தினால் பிஸ்டனில் ஓட்டை விழும். உச்சியிலிருந்து 36 டிகிரிக்கு ஒரு வெள்ளைக்கோடு போட வேண்டும். எட்டு அங்குலப் பேலன்ஸரில் விளிம்பு வழியாக 2.51 அங்குலம், ஆறே முக்கால் அங்குலப் பேலன்ஸரில் 2.12. கிராங்க் முன்பக்கத்திலிருந்து பார்க்க வலச்சுற்று சுற்றுவதால், கோடு உச்சிக்குறிக்கு வலப்பக்கம் வரும்.

இன்ஜினைச் சூடாக்கி, வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்து, பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை முதல் சிலிண்டரின் வயரில் மாட்டுங்கள். சுற்றை மெல்ல ஏற்றினால் கோடு நகர்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். அங்கேதான், 3000 சுற்றுப் பக்கத்தில், வெள்ளைக்கோட்டை முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை இடச்சுற்றாகத் திருப்பினால் முந்தும், வலச்சுற்றாகத் திருப்பினால் பிந்தும். விளக்கு வெளிச்சத்தில் ஃபேன் இறக்கை நிற்பதுபோலவோ ஊர்வதுபோலவோ தெரியும், உண்மையில் வெட்டும் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தொங்கும் சட்டைக்கை ஆகாது. கதவு மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடவும் கூடாது.

கோடு நிற்காமல் 40-ஐத் தாண்டிப் போகிறதா? எடைகளின் அடியில் பின்னைச் சுற்றியிருக்கும் சின்னப் புஷ் உதிர்ந்திருக்கும். அதுதான் விரிப்புக்கு எல்லை போடுகிறது. ஐடிலுக்குத் திரும்பும்போது கோடு பழைய இடத்துக்கு வராமல் இழுத்துக்கொண்டே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது கேம் தண்டில் பழைய கிரீஸ் பிசினாகிவிட்டது.

இப்போது வேக்குவம் குழாயை மேனிஃபோல்டு வேக்குவத்தில் மாட்டினால் ஐடில் தானாக ஏறும். கார்புரேட்டர் பழிசுமந்த கதை இங்கேதான் விளங்குகிறது. டைமிங் பிந்தியிருந்தபோது இன்ஜின் ஐடிலில் நிற்காது, யாரோ ஐடில் ஸ்க்ரூவைத் திருகித் த்ராட்டில் தகட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். தகட்டுக்கு மேலே, ஐடில் தாண்டி மிதிக்கும்போது பெட்ரோல் கொடுக்க வேண்டிய ஒரு செங்குத்துப் பிளவு இருக்கிறது. தகடு திறந்ததும் அந்தப் பிளவு ஐடிலிலேயே பெட்ரோல் கொட்ட ஆரம்பிக்கும். ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எப்படித் திருப்பினாலும் மாற்றம் இராது. மிதிக்கும்போது தரவேண்டியதை முன்பே கொட்டிவிட்டதால் தயக்கம். அணைத்த பிறகும் திறந்திருக்கும் தகடு வழியாகக் காற்றும் பெட்ரோலும் போவதால் இருமல்.

ஐடில் ஸ்க்ரூவை இறக்கி, தகட்டின் அடியிலிருந்து பார்த்தால் பிளவு ஒரு சின்னச் சதுரமாகத் தெரியும் அளவுக்கு, ஏறக்குறைய 0.020 முதல் 0.040 அங்குலம், வையுங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூக்களை மெதுவாக மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, பிறகு இரண்டையும் மாறிமாறி எட்டில் ஒரு சுற்றாக நகர்த்தி, வேக்குவம் மீட்டர் மிக உயரக் காட்டும் இடத்தில் விடுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரிஜினலாக இருந்தால் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். எவ்வளவு காட்டினாலும், அதைவிட ஓரிரு அங்குலம் குறைவிலேயே முழுதாக இழுத்துவிடும் டப்பாவைத் தேர்ந்தெடுங்கள். பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு 11 அங்குலம்தான் வருகிறது என்றால், 15 அங்குலத்தில் இழுக்கும் டப்பா பாதியில் நின்று ஆடும், ஐடிலும் ஆடும்.

மேட்டில் டாப் கியரில் மிதித்துப் பார்க்க வேண்டும். 300 குதிரைத்திறன் 350-ன் அழுத்த விகிதம் 10.25:1, சாதாரண பெட்ரோல் போட்டால் கலவை கட்டுமீறி வெடிக்கும் நாக்கிங் கேட்கும். தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்கும் ஓசை. முழு மிதியில் கேட்டால் டிஸ்ட்ரிபியூட்டரை இரண்டு டிகிரி பின்னால் வையுங்கள். அரை மிதியில் மட்டும் கேட்டால் அங்கே கைவைக்க வேண்டாம், வேக்குவம் டப்பா அதிகம் கூட்டுகிறது, குறைவாகக் கூட்டும் டப்பாவை மாட்டுங்கள். புதுப் பாயிண்டின் தேய்ப்புக்கட்டை முதல் சில நூறு மைலில் படிந்து தேயும். தேய்ந்தால் இடைவெளி சுருங்கும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங் பிந்தும். கேமில் மெல்லிய கிரீஸ் பூசி வைத்திருந்தாலும் அந்த மைல்கள் கடந்ததும் மீண்டும் முதலில் டுவெல், அதற்குப் பிறகு டைமிங். வரிசை மாறினால் டுவெல்லை நகர்த்தும் ஒவ்வொரு டிகிரியும் டைமிங்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.