நகம் ஏன் குறுக்கே கிழிகிறது?

நகவெட்டியில் இன்று தெறித்து விழும் துண்டு, சுமார் ஆறு மாதங்களுக்கு முன் உருவானது. அப்போது அது விரல் தோலுக்குள் புதைந்திருக்கும் நகவேரில் உயிருள்ள செல்களாக இருந்தது. அங்கே செல்கள் ஓயாமல் பெருகுகின்றன. புதியவை நெருக்கித் தள்ளத் தள்ள, பழையவை தட்டையாகி, உட்கருவை இழந்து, கெரட்டின் என்ற புரதம் நிரம்பி இறுகிப்போகின்றன. நாம் நகம் என்று சொல்வது இப்படி இறந்த செல்களாலான தகட்டைத்தான். வெட்டும்போது வலிக்காததும் அதனால்தான்.

கட்டைவிரலில் பளிச்சென்று தெரியும் வெளிறிய பிறை, அந்த வேரின் முன்பகுதி. மீதி தோல்மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. வேரின் பின்பகுதி நகத்தின் மேற்பரப்பை உருவாக்குகிறது, முன்பகுதி அடிப்பரப்பை உருவாக்குகிறது. சோரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ள சிலருக்கு நகத்தின் மேல் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் விழும். பழுது வேரின் பின்பகுதியில் என்பதை அந்தக் குழிகளை வைத்தே சொல்லிவிடலாம்.

தோல்மடிப்பின் விளிம்பில் நகத்தோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு, வேருக்குள் தண்ணீரும் கிருமியும் போகாமல் அடைத்து வைக்கிறது. அழகுக்காக அதை வெட்டி எடுப்பது தவறு. அந்த அடைப்பு போனால் நகச்சுற்று வந்து விரல் வீங்கிச் சீழ் கட்டும்.

நகத்துக்கென்று இளஞ்சிவப்பு நிறம் கிடையாது. அடியிலுள்ள நகப்படுக்கையின் ரத்தம்தான் அதன் வழியே தெரிகிறது. நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் பொதுவாக 2 வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். இந்தப் படுக்கைக்கும் எலும்புக்கும் இடையே கொழுப்பு அடுக்கு இல்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கினால் கசியும் ரத்தம் பரவ இடமின்றி நகத்துக்கும் எலும்புக்கும் நடுவே அழுத்தும். விண் விண்ணென்று தெறிக்கும் வலி அதனால் வருவது. வலி தாங்கமுடியாமல் போனால் மருத்துவர் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வடிய விடுவார்.

இனி கிழிசலுக்கு வருவோம். விரல்நகத்தின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதற்குள் மூன்று அடுக்குகள். மேலும் கீழும் உள்ள மெல்லிய அடுக்குகளில் கெரட்டின் இழைகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. தடித்த நடு அடுக்கில் மட்டும் அவை பிறைக்கு இணையாக, விரலுக்குக் குறுக்கே படுத்திருக்கின்றன. விறகு நார் ஓடும் திசையில் பிளப்பதுபோல நகமும் இழை ஓடும் திசையில் எளிதாகக் கிழிகிறது. ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், நகத்தை நெடுக வெட்டுவதற்குக் குறுக்கே வெட்டுவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. நுனியில் விழும் வெடிப்பு வேரை நோக்கி ஓடாமல் பக்கவாட்டில் திரும்பி, ஒரு துண்டு மட்டும் பிய்ந்து போவதற்கு இதுவே காரணம். வெடிப்பு நேராக உள்ளே இறங்கினால் நகப்படுக்கை கிழியும். நகத்தின் அமைப்பிலேயே நான் மிகவும் வியப்பது இதைத்தான்.

நகம் எதற்கு? சொறிவதற்கும் கிள்ளுவதற்கும் என்பது பாதி விடை. விரல்நுனிச் சதை மெத்தென்றிருக்கும். அது ஒரு பொருளின் மேல் அழுந்தும்போது பின்னாலிருந்து தாங்க ஒரு விறைப்பான தகடு இல்லாவிட்டால், சதை மேல்நோக்கிப் பிதுங்கிவிடும், பிடி நழுவும், தொடு உணர்வும் மங்கும். தரையில் கிடக்கும் குண்டூசியை எடுக்கும்போது விரல்களைக் கவனியுங்கள். ஊசியைப் பிடிப்பது சதைதான், ஆனால் நுனி அழுந்த அழுந்த நகம் வெளுப்பதைப் பார்க்கலாம். அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்பது நகம். நகம் கழன்ற விரலால் சின்னப் பொருளை எடுக்கச் சிரமப்படுவதும் இதனால்தான்.

விரல்நகம் மாதத்துக்கு 3 மி.மீ. அளவு வளரும், கால்நகம் சுமார் 1 மி.மீ. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீன் 1941 முதல் 35 ஆண்டுகள் தன் கட்டைவிரல் நகத்தை அளந்துவந்தார். 32 வயதில் நாளுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 மி.மீ. தான் வளர்ந்தது. கடும் காய்ச்சலோ பெரிய நோயோ வந்தால் வேர் சில நாள் வேலையைக் குறைத்துவிடும். பிறகு நகத்தில் குறுக்கே ஒரு பள்ளம் தெரியும். பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் போ 1846இல் விவரித்ததால் அது அவர் பெயரால் வழங்குகிறது. தோல்மடிப்பிலிருந்து பள்ளம் 6 மி.மீ. தள்ளி இருந்தால், நோய் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வெள்ளைப் புள்ளிகளுக்குக் கால்சியம் குறைவு காரணமல்ல. நகத்தில் கால்சியம் மிகச் சொற்பம். அதன் கடினம் கெரட்டினிலுள்ள கந்தகப் பிணைப்புகளிலிருந்து வருகிறது. வேரில் எப்போதோ பட்ட சின்ன அடிதான் பெரும்பாலும் அந்தப் புள்ளி. நகம் வளர வளர முன்னே நகர்ந்து வெட்டுப்பட்டுப் போகும். ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கருங்கோட்டைத் தோல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். அது தோல் புற்றாகவும் இருக்கலாம்.

பூஞ்சைத் தொற்றில் நகம் மஞ்சளாகித் தடித்து உதிரும்போது, மருந்து சாப்பிட்டும் நகம் அப்படியே இருக்கிறதே என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கெட்டுப்போன நகத்தை எந்த மருந்தாலும் சரிசெய்ய முடியாது. பூஞ்சை செத்தபின் வேரிலிருந்து நல்ல நகம் புறப்பட்டு, பழையதைத் தள்ளிக்கொண்டு நுனிவரை வந்து சேர வேண்டும். கால் பெருவிரலில் அதற்கு 12 முதல் 18 மாதங்கள் ஆகும்.