கொண்டாடு என்னும் சொல்லும் அதன் இடத்தைப் பிடித்த ‘அனுசரிப்பும்’

தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மே முதல் நாளன்று தொழிற்சங்கக் கொடி ஏறியவுடன் ஒலிபெருக்கியில் ‘மே தினம் அனுசரிக்கப்படுகிறது’ என்கிறார்கள். ‘கொண்டாடப்படுகிறது’ என்றால் நாளின் கனம் குறைந்துவிடும் என்ற அச்சம் போலும்.

கொண்டாடு என்பது ‘கொள்’, ‘ஆடு’ என்னும் இரு வினைகள் சேர்ந்தது. உறவாடு, மன்றாடு, போராடு என்பனவற்றைப் போல இங்கும் ‘ஆடு’ கூத்தைக் குறிப்பதன்று.

அனுசரிப்புக்காக வாதிடுவோர், 1886-ஆம் ஆண்டு சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டு எழுந்த போராட்டத்தையொட்டி நால்வர் மறு ஆண்டில் தூக்கிலேறியதைச் சுட்டி, அத்தகைய நாளைக் கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். ‘ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்’ என்ற பழமொழியையும் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால் உரிமை கொண்டாடுகிறோம், சொந்தம் கொண்டாடுகிறோம், பிள்ளையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். இவற்றிலெல்லாம் கேளிக்கை எங்கே இருக்கிறது? ஒன்றைத் தமதென்று உரக்கச் சொல்லும் பொருள் இச்சொல்லில் இருக்கும்போது, போராடிப் பெற்ற உரிமையின் நாளுக்கு இதனினும் பொருத்தமான வினை எது? 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடினார் என்றே நான் எழுதுவேன்.

‘அனுசரி’ வடசொல், பின்தொடர்தல் என்பது அதன் பொருள். பேச்சிலோ அது விட்டுக்கொடுத்துப் போவதற்கு வழங்குகிறது: மருமகளிடம் ‘கொஞ்சம் அனுசரித்துப் போம்மா’ என்கிறோம். முதலாளியிடம் அனுசரித்துப் போக மறுத்தவர்களின் நாளையா அனுசரிப்பது? ஆங்கிலத்தின் ‘அப்சர்வ்’ எங்கே வந்தாலும் பொருளைப் பாராமல் ஒரே சொல்லை ஒட்டிவிடும் செய்தி மொழிபெயர்ப்பாளர்களின் சோம்பலே இதற்குக் காரணம். அவர்களுக்கு உலகத் தண்ணீர் நாளும் ஒன்றுதான், ஒருவர் இறந்த நாளும் ஒன்றுதான்.

எல்லா நாளையும் கொண்டாட வேண்டும் என்பதும் என் கட்சியன்று. உறுதிமொழியோ நெறியோ சார்ந்த நாளுக்குக் ‘கடைப்பிடி’ இருக்கிறது. உணவு நெறி கூறும் 944-ஆம் குறளிலேயே ‘கடைப்பிடித்து’ என்று வரும் பழஞ்சொல் அது. 2004-இன் ஆழிப்பேரலையில் மாண்டவர்களுக்காக டிசம்பர் 26 அன்று காசிமேட்டு மீனவர்கள் கடலில் பாலூற்றி மலர் தூவுவதை ‘நினைவுகூர்ந்தனர்’ என்றோ ‘அஞ்சலி செலுத்தினர்’ என்றோ எழுதலாம். ‘அஞ்சலி’யும் வடசொல்தான், ஆயினும் அதில் பொருட்குழப்பம் இல்லாததால் எனக்கு அதனோடு வழக்கில்லை.