சிங்கப்பூருக்கே போகாதவரின் பெயர் சிங்கப்பூர்ச் சுவரில்

இரண்டாம் உலகப் போரில் மாண்ட பிரிட்டிஷ் விமானப் படையினரின் தடயத்தைப் பதிவேடுகளில் தேடிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு போட்டோவோடுதான் வருவார்கள். சென்ற ஆண்டு வந்த ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் போட்டோ சிங்கப்பூரின் க்ராஞ்சி போர் நினைவிடத்தில் எடுத்தது. தாத்தாவின் தம்பி ஜப்பானியரிடம் கைதியாகி அங்கே இறந்தார் என்பது மூன்று தலைமுறை நம்பிக்கை. போய்ப் பூ வைத்துவிட்டும் வந்திருக்கிறார்கள். படைப்பிரிவின் அன்றாடப் பதிவேட்டைத் திறந்தால், மனிதர் 1942இல் இலங்கையில் இருந்திருக்கிறார். கடலுக்கு மேல் போன விமானம் திரும்பவில்லை. அவ்வளவுதான்.

க்ராஞ்சியின் நினைவுச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. கல்லறை என்று ஒன்று இல்லாதவர்களுக்கான சுவர் அது. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் சுற்றியுள்ள கடல்களிலும் காணாமற்போன விமானப் படையினரின் பெயர்களை அங்கேதான் வெட்டினார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானியக் கப்பற்படையை எதிர்த்து, கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் இருந்து பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. இலக்கை எட்டிய 9இல் 5 திரும்பவில்லை. கடலோடு போனவர்களுக்கு அந்தச் சுவர்தான். வடக்கு, மேற்கு ஐரோப்பியப் போர்முனைக்கு இதே வேலையை லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் நினைவிடம் செய்கிறது. அங்கே 20,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

கல்லறையே இருக்கிறதே என்றால்? அதுவும் இறந்த இடத்தைச் சொல்லாது. ஜெர்மனியின் ரைக்ஸ்வால்ட் காட்டுக் கல்லறையில் சுமார் 4,000 விமானப் படையினர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டில் விழுந்தவர்கள் அல்லர். எஸ்ஸன், ஆகன் போன்ற நகரங்களின் இடுகாடுகளில் ஜெர்மானியர் புதைத்து வைத்திருந்தவர்களைப் போருக்குப் பின் தோண்டி எடுத்து இங்கே சேர்த்தார்கள். நம் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையும் இப்படிப் பல ஊர் இடுகாடுகளில் இருந்து திரட்டியதுதான்.

அதனால் நான் கல்லறைப் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, உடலை வேறு கல்லறைக்கு மாற்றியதைப் பதிந்த இடமாற்றப் படிவத்தைத்தான் முதலில் கேட்பேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில், ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் உள்ள ஆவணங்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எங்கிருந்து தோண்டினார்கள், எதை வைத்து ஆளை அறிந்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். கழுத்தில் கிடந்த அடையாள வில்லை நார்ப்பலகையால் ஆனது, எரிந்துபோகும். பிறகு சட்டையில் சலவைக்காரர் போட்ட குறி, பல் வரிசை, கைப்பட்டை என்று எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு தேடினார்கள். போர் முடிந்த பின் இதற்கென்றே விமானப் படையில் ஒரு தேடல் பிரிவு ஐரோப்பா முழுக்க அலைந்தது. ஒன்றும் கிடைக்காத கல்லில் "1939–1945 போரின் ஒரு விமானப் படை வீரர்" என்று மட்டும் இருக்கும்.

தேதி விஷயத்திலும் கவனம் வேண்டும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரைத் தாக்கப் போனதில் 95 பிரிட்டிஷ் விமானங்களை இழந்தது 1944 மார்ச் 30 இரவு. கிளம்பியது 30, விழுந்தது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி 31. ஒரு பதிவில் ஒன்று, இன்னொன்றில் மற்றொன்று இருந்தால் ஆள் மாறிவிட்டார் என்று பதறாதீர்கள்.

ஒருவரை மட்டும் தேடவும் வேண்டாம். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர். ஏழு பேரையும் தேடுங்கள். ஆறு பேர் ஒரே வரிசையில் இருக்க, வால்பகுதித் துப்பாக்கிக்காரர் மட்டும் பத்து மைல் தள்ளிக் கிடப்பார், வால் தனியாக உடைந்து விழுந்திருக்கும். பெயரைவிடப் படை எண்ணை நம்புங்கள். ஸ்மித்துகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு ஜப்பானியச் சிறைக் கதை எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் எனக்குப் புரியவில்லை. பிறகு அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்த உயில் உறுதிச் சான்றைக் காட்டினார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு அந்நாளைய நீதிமன்றம் எழுதும் வழக்கமான வாசகம்தான்: இன்ன தேதியிலோ அதற்குப் பின்னரோ இறந்தார். "அதற்குப் பின்னரோ" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவருடைய தாய் மகனை இன்னும் சில வருஷம் உயிரோடு வைத்திருக்கிறார்.