பிலிம் தோற்றது கூர்மையில் அல்ல

பினாங்கு எக்ஸ்ரே பிரிவுகளில் பிலிம் காலத்தைப் பார்த்தவர்கள், அந்தக் கூர்மை டிஜிட்டலில் இல்லை என்று குறைப்பட்டால் மறுக்க முடியாது. பிலிம் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, ஒரு மில்லிமீட்டரில் 15 ஜோடிக் கோடுகளுக்கு மேல் பிரித்துக் காட்டும். டிஜிட்டல் கருவிகள் பெரும்பாலும் 5 முதல் 10 ஜோடியோடு நின்றுவிடும். அப்படியும் விடைபெற்றது பிலிம்தான்.

சுரப்பித் திசுவும் கட்டியும் எக்ஸ்ரேயை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பவை. அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடிக்க வலிமை குறைந்த கதிர் வேண்டும். நெஞ்சுப் படத்துக்கு 100 கிலோவோல்ட்டைத் தாண்டும் மின்னழுத்தம், மார்பகப் படத்துக்கு 30-ஐ ஒட்டியே இருக்கும். 1960களில் பிரான்சில் உருவான மார்பகத் தனிக் கருவி, இதற்காகவே மாலிப்டினம் உலோகத்திலிருந்து கதிரை எடுத்தது. "ஏன் மிஸ்ஸி இப்படி நசுக்குறீங்க?" என்று, மார்பகத்தைத் தட்டுகளுக்கு இடையே அழுத்தும்போது நம் அக்காமார் கேட்பதற்கும் பதில் இங்கேதான்: தடிமன் குறைந்தால் கதிர்ச் சிதறல் குறையும், கதிரளவும் குறையும்.

பிலிமின் சிக்கல் அதன் குணத்தில் இருந்தது. பிலிமை வைக்கும் கேசட்டுக்குள் இருக்கும் ஒளிரும் திரையில் கதிர் பட்டு, அந்த வெளிச்சம் பிலிமைக் கறுப்பாக்கும். ஆனால் வெளிச்சம் ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தால்தான் சாம்பல் நிற பேதங்கள் தெளியும். சுரப்பி நிறைந்த அடர்ந்த திசுவைத் தாண்டி வருவது சொற்பக் கதிர். அந்த இடம் வெளுத்தே கிடக்கும். கட்டியும் வெள்ளைதான். கழுவிய பிலிமை மாற்ற வழியில்லை. கழுவும் ரசாயனத்தின் சூடு சற்றுப் பிசகினாலும் கறுப்பு மாறும் என்பதால், தினமும் முதல் நோயாளிக்கு முன்பே ஒரு சோதனைப் பிலிமை ஓட்டிப் பார்ப்பார்கள். பினாங்கின் புழுக்கத்தில் பிலிம் பெட்டிகளைக் குளிர்ச்சியாக, ஈரம் படாமல் வைப்பது தனி வேலை.

டிஜிட்டலில் படம் என்பது எண்கள். சீசியம் அயோடைடு கதிரை ஒளியாக்க, அடியிலுள்ள சிலிக்கான் அதை மின்னூட்டமாக்கும். செலீனியம் தட்டோ நேராகவே மின்னூட்டமாக்கும். (செலீனியத்துக்குச் சூடு ஆகாது, ஏர்கோனை மறந்துவிட முடியாது.) கதிர் கூடினாலும் குறைந்தாலும் எண் அதே விகிதத்தில் மாறும். அதனால் வெளுத்த பகுதியை மட்டும் திரையில் விரித்துப் பார்க்கலாம், மறுபடி கதிர் பாய்ச்சாமல். பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு கேசட்டை மட்டும் மாற்றி, லேசரால் படிக்கும் இடைக்கால ஏற்பாடும் இருந்தது. அது செலவைக் குறைத்தது. படத் தரத்தில் முழு டிஜிட்டலுக்கு ஈடாகாது.

வட அமெரிக்காவில் 49,528 பெண்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளிவந்தது. மொத்தத்தில் இரண்டும் சமம். 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடமும் அடர்ந்த மார்பகம் உள்ளவர்களிடமும் டிஜிட்டல் முந்தியது. ஆசியப் பெண்களிடம் அடர்த்தி பரவலாக இருப்பதால், நமக்கு முக்கியம் இந்த இரண்டாவது முடிவுதான். ஆனாலும் அடர்ந்த திசுவுக்குள் கட்டி ஒளிந்துகொள்வதை டிஜிட்டல் முழுக்கத் தடுத்துவிடாது. சிலருக்கு டாக்டர் அல்ட்ராசவுண்டும் சேர்த்து எழுதித் தருவது இதனால்தான்.